பழைய டிராக்டரில் சார்ஜ் ஏறவில்லை: டைனமோவைச் சீர்செய்வதா, ஆல்டர்னேட்டருக்கு மாறுவதா?

மாஸி ஃபெர்குசன் 35, அதன் வழியில் வந்த 1035 போன்ற பழைய டிராக்டர்களை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களை ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது. எஞ்சினும் கியரும் ஹைட்ராலிக்கும் சரியாக இருக்கின்றன; ஆனால் காலையில் செல்ஃப் அடித்தால் "டக்" என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது. பேட்டரியை வெளியே சார்ஜ் ஏற்றி மாட்டினால் ஓரிரு நாள் ஓடுகிறது, பிறகு பழைய கதைதான். பட்டறைக்குப் போனால் ஒருவர், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை ரீவைண்டிங் செய்யலாம், அதாவது உள்ளிருக்கும் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றலாம் என்கிறார். இன்னொருவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டச் சொல்கிறார். மூன்றாமவர், டீசல் வண்டிக்குச் சார்ஜிங்கே தேவையில்லை, வீட்டில் சார்ஜ் போட்டு ஓட்டுங்கள் என்கிறார். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பதைப் பிரித்துப் பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 12 வோல்ட் டைனமோவும், அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் தனி ரெகுலேட்டர் பெட்டியும் கொண்ட டீசல் டிராக்டர். மாஸி ஃபெர்குசன் 35 இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் உருவான வண்டி. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் வழியாக அந்த மரபு நம் ஊர் வயல்களுக்கு வந்தது. மின்சாதனங்களும் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வடிவமைப்பில் வந்தவையே. 1961-இல் சென்னையில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கப்பட்டதால், அந்த வகை டைனமோவைப் பிரித்துப் பார்த்துப் பழகிய கைகள் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில்கூட இன்னும் இருக்கின்றன. முடிவெடுக்கும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## எதைக் கொண்டு அளப்பது

முதலாவதும் முக்கியமானதும் மின்சுமை. இயந்திர வகை எரிபொருள் பம்பு கொண்ட டீசல் எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், தொடர்ந்து ஓட அதற்கு மின்சாரம் தேவையில்லை. மின்சாரம் வேண்டியது செல்ஃப் மோட்டாருக்கும் விளக்குகளுக்கும் ஹாரனுக்கும்தான். செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுத்து 5 விநாடி சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஸ்டார்ட்டுக்குச் செலவாவது அரை ஆம்பியர்-மணிக்கும் குறைவு. ஒரு நாளில் 10 முறை ஸ்டார்ட் செய்தாலும் 4 அல்லது 5 ஆம்பியர்-மணிதான் போகும். நல்ல நிலையிலுள்ள டைனமோ அதை ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப ஏற்றிவிடும். ஆகவே பகல் வேலை மட்டும் செய்யும் வண்டியின் தேவை மிகச் சிறியது. விளக்குதான் கணக்கை மாற்றுகிறது. 45 வாட் முன்விளக்கு இரண்டு, பின்னால் 35 வாட் உழவு விளக்கு ஒன்று, சிறு விளக்குகளுக்கு 20 வாட் என்று கூட்டினால் 145 வாட். அதாவது சுமார் 12 ஆம்பியர் விடாமல் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, எஞ்சின் எந்த வேகத்தில் அதிக நேரம் ஓடுகிறது என்பது. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்றாவது, பழுது பார்க்கும் ஆளும் உதிரிப் பாகமும் எவ்வளவு தூரத்தில் கிடைக்கின்றன என்பது. நான்காவது, பொருளின் விலைக்கு அப்பால் மாற்றத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் செலவுகள். வண்டியை அசல் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற விருப்பம் ஐந்தாவது. அது சிலருக்கு மட்டுமே பொருட்டு.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

டைனமோவைக் கழற்றச் சொல்பவர் யாராக இருந்தாலும், அதற்கு முன் அவர் பேட்டரி முனைகளையும் எர்த் வயரையும் பார்த்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது ஆண்டு பழைய வண்டியில் கோளாறு பெரும்பாலும் இணைப்புகளில்தான் ஒளிந்திருக்கும். எர்த் வயர் சேசிஸைத் தொடும் இடத்தில் பெயின்டும் துருவும் மண்ணும் சேர்ந்து ஒரு படலமாகியிருக்கும். மேலே பார்க்கப் போல்ட் இறுக்கமாகத்தான் தெரியும்.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்றே போதும். வண்டி ஓர் இரவு நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த எர்த் பாதையில் மின்சாரம் வீணாகிறது. வயரின் இரு முனைகளையும் உப்புத்தாள் கொண்டு பளிச்சென்று தேய்த்து இறுக்கிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதையும் விட்டுவிடக் கூடாது. தளர்ந்த பெல்ட் வழுக்கினால் எந்த டைனமோவும் சார்ஜ் கொடுக்காது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால், கோளாறு டைனமோவிலா ரெகுலேட்டரிலா என்று பிரித்தறிய ஒரு பழைய சோதனை உண்டு. டைனமோவின் பின்புறம் டி, எஃப் என்று இரண்டு முனைகள் இருக்கும். அவற்றில் வரும் வயர்களைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்து, அதற்கும் டைனமோவின் உடலுக்கும் இடையில் வோல்ட் மீட்டரை வைத்து எஞ்சினை ஸ்லோவிலிருந்து மெல்ல உயர்த்த வேண்டும். மீட்டர் தங்குதடையின்றி 20 வோல்ட்டை நோக்கி ஏறினால் டைனமோ நலமாக இருக்கிறது. கோளாறு ரெகுலேட்டரிலோ இடையிலுள்ள வயரிலோதான். அரை வோல்ட், ஒரு வோல்ட் அளவிலேயே நின்றுவிட்டால், காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலைப் பார்க்க வேண்டும்; நாலைந்து வோல்ட்டில் நின்றால், நடுவில் சுழலும் ஆர்மேச்சரைப் பார்க்க வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் முதலில் கார்பன் பிரஷ்களைத் திறந்து பாருங்கள். இந்தச் சோதனையின்போது ரெகுலேட்டரின் கட்டுப்பாடு இருக்காது. அதனால் 20 வோல்ட்டைத் தாண்ட விடாமல், சில விநாடிகளுக்குள் முடித்துவிட வேண்டும்.

இதைச் செய்யாமல் ஆல்டர்னேட்டர் வாங்கியவர்கள், அதே துருப்பிடித்த எர்த்தில் அதை மாட்டிவிட்டு, அதுவும் சரியில்லை என்று மனம் நொந்துபோவதை நிறையப் பார்க்கிறோம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டைனமோவைச் சீர்செய்தல் | ஆல்டர்னேட்டருக்கு மாறுதல் | வெளியிலிருந்து சார்ஜ் செய்தல் |
|---|---|---|---|
| தரும் மின்னோட்டம் | லூகாஸ் சி40 வகையில் அதிகபட்சம் 22 ஆம்பியர் | வகையைப் பொறுத்துப் பெரும்பாலும் 35 முதல் 45 ஆம்பியர் | ஓடும்போது எதுவும் இல்லை |
| எஞ்சின் ஸ்லோவில் | சார்ஜ் ஏறாது | சரியான புல்லி இருந்தால் ஓரளவு ஏறும் | பொருந்தாது |
| எர்த் முறை (பேட்டரியின் எந்த முனை சேசிஸோடு இணைந்திருக்கிறது) | பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டிலும் ஓடும் | பொதுவாக நெகட்டிவ் மட்டும் | இரண்டிலும் முடியும் |
| பழுதானால் | பிரித்துப் பாகம் பாகமாகச் சரிசெய்யலாம் | பெரும்பாலும் டயோடு தட்டையோ ரெகுலேட்டரையோ முழுதாக மாற்ற வேண்டும் | பேட்டரியின் ஆயுள் குறையும் |
| மறைமுகச் செலவு | ரெகுலேட்டர், நல்ல கைப்பக்குவம் | பிராக்கெட், புல்லி, பெல்ட், தடித்த வயர், மீட்டர் | சார்ஜர், அன்றாடக் கவனம் |
| யாருக்கு | பகல் வேலை, குறைந்த விளக்கு | இரவு வேலை, டிரெய்லர் ஓட்டம் | எப்போதாவது ஓடும் வண்டி |

## டைனமோவைச் சீர்செய்தல்

டைனமோ எளிய அமைப்புடையது. ஆர்மேச்சர், இரண்டு ஃபீல்டு காயில், இரண்டு பிரஷ், முன்னால் ஒரு பேரிங், பின்னால் ஒரு வெண்கலப் புஷ், அவ்வளவே. தேய்கிற ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்ற முடியும். புதிய பிரஷ்களும், அவை உரசும் காமுடேட்டரைச் சுத்தப்படுத்துவதும் மட்டுமே போதுமான வண்டிகள் ஏராளம். பட்டறைக்காரர் முழு ரீவைண்டிங் என்று தொடங்கினால், மேலே சொன்ன சோதனையில் ஆர்மேச்சர் தேறவில்லை என்பதை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.

வேலையின் தரம் சில நுணுக்கங்களில் தெரியும். காமுடேட்டரின் செப்புப் பட்டைகளில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் மெல்லியதாக ஒரு சுற்று கடைந்தெடுக்க வேண்டும். கடைந்தபின் பட்டைகளுக்கு இடையிலுள்ள மைக்கா, செம்புக்குச் சமமாக வந்து நிற்கும். அதை ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டித் தாழ்த்தியாக வேண்டும். மைக்காவின் அகலத்துக்குத் தேய்த்துக்கொண்ட ஹேக்ஸா பிளேடு ஒன்றை வைத்து ஒவ்வொரு இடுக்கையும் பொறுமையாக இழுத்தெடுப்பார்கள் அனுபவசாலிகள். செம்பைவிட மைக்கா கடினமானது. அதைத் தாழ்த்தாமல் விட்டால் செம்பு தேய்ந்து மைக்கா மேலெழும், பிரஷ் துள்ளும், தீப்பொறி பறக்கும், புதிய பிரஷ்களும் சீக்கிரமே கருகும். அதேபோல் பின்பக்க வெண்கலப் புஷ்ஷை மாட்டுவதற்கு முன் 24 மணி நேரம் எஞ்சின் ஆயிலில் ஊறவைக்க வேண்டும். அது ஆயிலை உறிஞ்சிவைத்து மெல்லக் கசியவிடும் வகையைச் சேர்ந்தது. காலையில் கொடுத்த டைனமோவை மாலையில் புதுப் புஷ்ஷோடு கையில் தந்தால், புஷ்ஷை முன்கூட்டியே ஊறவைத்தார்களா என்று தாராளமாகக் கேட்கலாம். பின்மூடியிலுள்ள சிறு துளையில் அவ்வப்போது சில சொட்டு எஞ்சின் ஆயில் விட வேண்டும்; அளவு கூடினால் அது காமுடேட்டரில் வழிந்து கெடுதல் செய்யும்.

டைனமோவோடு ரெகுலேட்டர் பெட்டியையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். லூகாஸின் ஆர்.பி. 106 போன்ற பெட்டிக்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. ஒன்று மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது, மற்றொன்று கட்-அவுட். டைனமோவின் மின்னழுத்தம் 13 வோல்ட்டை ஒட்டி வந்த பிறகே கட்-அவுட் மூடிப் பேட்டரியோடு இணைக்கும். எஞ்சின் வேகம் குறையும்போது திறந்து துண்டிக்கும். இதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் பேட்டரி மின்சாரம் முழுவதும் டைனமோவுக்குள் திரும்பி ஓடும். வயர் எரியும் அளவுக்குப் போகும். எஞ்சினை நிறுத்திய பிறகும் அம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் ஆழமாகச் சாய்ந்து நின்றால், வேறு எதையும் யோசிக்காமல் பேட்டரி வயரைக் கழற்றுங்கள்.

ரெகுலேட்டரை வளைத்தும் நெம்பியும் சார்ஜைக் கூட்டித் தருவது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அதன் அளவை மீட்டர் வைத்து, சுமையைத் துண்டித்த நிலையில், 16 வோல்ட்டை ஒட்டிச் சரிசெய்ய வேண்டும்; காற்றின் வெப்பம் கூடக்கூட அந்த அளவு சற்றுக் குறையவும் வேண்டும். கண்மதிப்பில் கூட்டினால் சித்திரை வெயிலில் பேட்டரி நீர் வற்றும், டைனமோவில் ஈயப்பற்று உருகித் தெறிக்கும். பெட்டி கெட்டுப்போய்விட்டால் அதே வகையில் நல்லதைத் தேடிப் போடுவதே முறை. பழைய பெட்டியின் உருவத்துக்குள் எலக்ட்ரானிக் சுற்று வைத்த ரெகுலேட்டர்களும் வெளிநாடுகளில் கிடைக்கின்றன. கையில் கிடைத்து, உங்கள் வண்டியின் எர்த் முறைக்குப் பொருந்துமானால், தொடுமுனைத் தொல்லை அதோடு தீர்ந்துவிடும்.

டைனமோவின் உண்மையான குறை இரண்டுதான். அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,450 சுற்றை எட்டிய பிறகே சார்ஜ் கொடுக்கத் தொடங்கும். எஞ்சின் ஸ்லோவில் நிற்கும்போது விளக்கு எரிந்தால் அவ்வளவும் பேட்டரியிலிருந்துதான் போகிறது. அடுத்தது, 22 ஆம்பியர் என்ற எல்லை. முன்பு பார்த்த 12 ஆம்பியர் விளக்குச் சுமையை அது தாங்கும், பேட்டரிக்கும் மிச்சம் வைக்கும். அதன்மேல் 55 வாட் ஹாலோஜன் இரண்டு மாட்டினால் மொத்தம் 21 ஆம்பியரைத் தொட்டுவிடும். பிறகு பேட்டரிக்குப் போக எதுவும் இருக்காது, டைனமோவும் இரவு முழுதும் மூச்சுமுட்ட ஓடும். 18 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு மாட்டினாலும் மொத்தம் 72 வாட், அதாவது 6 ஆம்பியர்தான். வெளிச்சம் போதவில்லை என்பதற்காக மட்டுமே ஆல்டர்னேட்டரை நினைப்பவர்கள், முதலில் விளக்கை மாற்றிப் பார்க்கலாம். பாசிட்டிவ் எர்த் வண்டியில் எல்.இ.டி. விளக்கின் உடல் சேசிஸோடு மின்தொடர்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மாட்ட வேண்டும். திருப்பி இணைத்தால் எரியாது, சில வகைகள் கெட்டும் போகும்.

சேற்றுழவில் கேஜ் வீலோடு இறங்கும் வண்டிக்கு டைனமோ தாராளமாகப் போதும் என்பது என் உறுதியான கருத்து. உழவின்போது எஞ்சின் வேகமாகவே ஓடுகிறது, சார்ஜுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு பருவமும் முடிந்தபின் பின்மூடியின் காற்றுத் துளைகளில் அடைந்த சேற்றை எடுத்துவிட்டால் போதும்.

## ஆல்டர்னேட்டருக்கு மாறுதல்

ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்திலும் சார்ஜ் தரும். அதிக மின்னோட்டம் தரும். கட்-அவுட் இல்லை, ரெகுலேட்டர் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு ஆலை வாசல் வரிசையில் இரவெல்லாம் நகர்ந்து நின்று, நின்று நகரும் வண்டியை எண்ணிப் பாருங்கள். எஞ்சின் ஸ்லோவில், முன்விளக்கு, பின்விளக்கு, டிரெய்லர் விளக்கு எல்லாம் எரிகின்றன. அந்த வண்டியில் டைனமோவை எவ்வளவு நன்றாகச் சீர்செய்தாலும் விடியும்போது பேட்டரி தளர்ந்துதான் இருக்கும். இத்தகைய ஓட்டத்துக்கு ஆல்டர்னேட்டரே சரியான விடை. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமில்லை.

ஆனால் கடையில் சொல்லும் விலை ஆல்டர்னேட்டருக்கு மட்டுமான விலை. அதற்கு மேல் வருபவைதான் கையைக் கடிக்கும்.

டைனமோ நீண்ட உடல் கொண்டது. முன்னும் பின்னும் இரண்டு காதுகளில் போல்ட் ஏறி நிற்பது. ஆல்டர்னேட்டர் குட்டையானது. அதைப் பழைய பிராக்கெட்டில் மாட்ட நீண்ட போல்ட்டும் அளவாக வெட்டிய குழாய்த் துண்டும் வேண்டும். அல்லது புதிய பிராக்கெட் செய்ய வேண்டும். மூன்று புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காவிட்டால் பெல்ட் ஓரம் பிய்ந்து போகும். இந்த வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ஃபேனையும் சுற்றுகிறது என்பதால், பெல்ட் அறுந்தால் எஞ்சினும் கொதிக்கும். புல்லியின் அகலமும் கவனிக்கத்தக்கது. பழைய டிராக்டரின் பெல்ட் அகலமான வி வகை. கார் ஆல்டர்னேட்டரில் குறுகிய வி புல்லியோ பல வரிகள் கொண்ட தட்டைப் பெல்ட் புல்லியோ இருக்கும். அகலமான பெல்ட், குறுகிய புல்லியின் விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டு வழுக்கும். பழைய புல்லியையே துளையைச் சரிசெய்து மாட்டினால் விட்டம் பெரிதாகி ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும். ஸ்லோவில் சார்ஜ் கிடைக்கும் என்ற பயனே போய்விடும். லேத்தில் தகுந்த புல்லி கடைவதற்கான கூலியையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டீசல் கார்களிலிருந்து கழற்றிய ஆல்டர்னேட்டர்கள் சிலவற்றின் பின்னால் வேக்குவம் பம்பு ஒட்டியிருக்கும். அதற்கு எஞ்சினிலிருந்து ஆயில் வர வேண்டும். டிராக்டரில் அந்த இணைப்பு இல்லை. ஆயில் இல்லாமல் ஓடினால் பம்பு இறுகிப்போகும். பம்பு இல்லாத வகையையே வாங்குங்கள்.

அடுத்து வயர். 22 ஆம்பியருக்காகப் போட்ட பழைய வயரில் 40 ஆம்பியர் ஓடக் கூடாது. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் வயர் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். டேஷ்போர்டிலுள்ள பழைய அம்மீட்டர் 30 ஆம்பியர் வரை மட்டுமே காட்டும் வகையானால், முழு மின்னோட்டத்தையும் அதன் வழியாக அனுப்புவது தீவிபத்துக்கு வழி வைப்பதாகும். அதைச் சுற்றிப்போகச் செய்து, பதிலாக வோல்ட் மீட்டர் ஒன்றை வைப்பது நல்லது. பழைய ரெகுலேட்டர் பெட்டியைக் கழற்றும்போது, அதில் பேட்டரிக்குப் போகும் ஏ முனை வயரையும் விளக்குகளுக்குப் போகும் ஏ1 முனை வயரையும் ஒன்றாக இணைத்துக் காப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி முழுதும் இருட்டாகிவிடும். சார்ஜ் எச்சரிக்கை விளக்கையும் விடக் கூடாது. பல ஆல்டர்னேட்டர்கள் அந்தச் சிறு பல்பின் வழியாக வரும் மின்சாரத்தால்தான் விழித்துக்கொள்கின்றன; பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜும் நின்றுபோகலாம்.

பெரும்பாலோர் வேலை முடிந்தபிறகே கண்டுபிடிக்கும் ஒரு செலவு உண்டு. மாஸி ஃபெர்குசன் 35 போன்ற சில வண்டிகளில் எஞ்சின் வேகத்தையும் ஓடிய மணியையும் காட்டும் டிராக்டர் மீட்டருக்கான கேபிள், டைனமோவின் வால்பகுதியிலிருந்து புறப்படுகிறது. டைனமோவைக் கழற்றினால் அந்த மீட்டர் இறந்துவிடும். பின்னால் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் 540 சுற்றுக்கான எஞ்சின் வேகத்தை அந்த மீட்டரைப் பார்த்தே வைத்துப் பழகியவருக்கு, தெளிப்பான், கதிரடிப்பான் ஓட்டும்போது இது பெரிய இழப்பு. உங்கள் டைனமோவின் பின்னால் கேபிள் ஏதும் நுழைகிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள். நுழைகிறது என்றால், டைனமோவின் உருவத்திலேயே, மீட்டர் இணைப்போடு செய்யப்பட்ட ஆல்டர்னேட்டர்கள் இங்கிலாந்தில் விற்கப்படுகின்றன. அசல் தோற்றத்தையும் காக்க விரும்புபவர்களுக்கு அவை ஏற்றவை. ஆனால் தருவிக்கும் செலவும் பழுதானால் திரும்பத் தருவிக்கும் சிரமமும் உழவு வண்டிக்குக் கட்டுப்படியாகாது.

ஆல்டர்னேட்டர் வந்தபின் பட்டறைப் பழக்கங்கள் சிலவற்றையும் மாற்ற வேண்டும். அடுத்த வண்டியின் பேட்டரியை வைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, எஞ்சின் ஓடும்போதே அதைக் கழற்றிக் கொடுப்பது கிராமங்களில் சாதாரணம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் மின்னழுத்தம் ஒரு கணத்தில் எகிறி டயோடுகள் போய்விடும். பேட்டரியைத் திருப்பி மாட்டினாலும் அதே கதிதான். கலப்பைக் கொக்கியை வெல்டிங் செய்யும்போது பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் வயர்களையும் கழற்றிவிட வேண்டும்.

## வெளியிலிருந்து சார்ஜ் செய்து ஓட்டுதல்

வாரத்துக்கு ஒரு நாள் பகலில் மட்டும் ஓடும் வண்டி, அல்லது தோப்புக்குள் சிறு வேலைகளுக்கென்றே நிற்கும் வண்டி என்றால் இது தற்காலிகமாகவேனும் பொருந்தும். முன்பு போட்ட கணக்கின்படி, 80 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று பல நாள் ஸ்டார்ட்டுகளைத் தாங்கும். ஆனால் பாதிச் சார்ஜில் நாட்கணக்கில் நிற்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து அதன் கொள்ளளவு மீளாமல் குறையும்; ஆகவே மின்னழுத்தம் 12.4 வோல்ட்டுக்கு வந்ததுமே சார்ஜ் போட்டுவிட வேண்டும். பழுதான டைனமோவைக் கழற்றி எறியவும் முடியாது, ஏனெனில் பெல்ட்டை இழுத்துப் பிடித்திருப்பதே அதுதான். டி, எஃப் வயர்கள் இரண்டையும் கழற்றித் தனித்தனியாகக் காப்பிட்டு, அதை வெறுமனே சுற்றவிடலாம். பேரிங் மட்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். இரவில் சாலையில் ஏறும் வண்டிக்கு இந்த வழி கூடவே கூடாது. நடுச்சாலையில் விளக்கு மங்கிய டிரெய்லர் எத்தனை உயிர்களைக் காவு வாங்குகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

## எந்த நிலையில் எது

உழவு, சேற்றுழவு, ரோட்டவேட்டர் என்று வயலுக்குள்ளேயே சுழலும் வண்டி; இரவில் எப்போதாவது ஒன்றிரண்டு மணி நேரம்; அருகிலேயே காமுடேட்டர் கடையத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன். இந்த மூன்றும் பொருந்தினால் டைனமோவையே சீர்செய்யுங்கள், விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றுங்கள். கோயம்புத்தூர் போல மோட்டார் ரீவைண்டிங் செழித்த ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு ஆர்மேச்சரே போயிருந்தாலும் இது எட்டக்கூடிய வழி.

டிரெய்லரில் வாடகை ஓட்டம் ஓடுபவர்களும், எஞ்சினை ஸ்லோவில் விட்டு விளக்கெரிய நிற்க வேண்டியவர்களும், ஏற்கெனவே டைனமோவின் ஆர்மேச்சர், ஃபீல்டு காயில், ரெகுலேட்டர் மூன்றும் ஒருசேரப் போய்விட்டவர்களும் ஆல்டர்னேட்டருக்கு மாறலாம். மூன்றும் போன நிலையில், டைனமோவைச் சீர்செய்யும் செலவு மாற்றும் செலவை நெருங்கிவிடும். முன்பின் தெரியாத பட்டறையில் மாற்றுவதைவிட, உங்கள் வண்டி மாதிரியிலேயே இதற்கு முன் மாற்றிக்கொடுத்த ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் மாட்டிய வண்டியின் பெல்ட் எப்படி ஓடுகிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மீட்டெடுத்துக் காட்சிக்கு வைக்க நினைப்பவர்கள் இதில் குழம்ப வேண்டியதே இல்லை. டைனமோ இல்லாத மாஸி ஃபெர்குசன் 35 அவர்கள் கண்ணுக்கு நிறையாது.

## எர்த் மாற்றம்

பழைய பிரிட்டிஷ் டிராக்டர்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சேசிஸோடு இணைந்திருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை, எந்தக் கம்பத்திலிருந்து கிளம்பும் வயர் சேசிஸில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்தே உறுதிசெய்யுங்கள். நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம். நெகட்டிவுக்கு மாற்றுவது பெரிய வேலை இல்லை. பேட்டரியைத் திருப்பி வைத்து, முனைகளுக்கு ஏற்ற கிளாம்ப் போட வேண்டும்; அம்மீட்டரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். செல்ஃப் மோட்டார் சீரிஸ் சுற்று வகை என்பதால் எந்த மாற்றமும் இன்றி அதே திசையில் சுற்றும்.

டைனமோவையே வைத்துக்கொண்டு எர்த் மாற்றுபவர்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அதன் எஞ்சிய காந்தத்தையும் திருப்ப வேண்டும். டைனமோவின் எஃப் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரைக் கொண்டுவந்து எஃப் முனையில் இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுத்தால் போதும். சிறு பொறி தெறிக்கும். நெடுங்காலம் ஓடாமல் கிடந்த டைனமோ சார்ஜ் தர மறுத்தாலும் இதே சிகிச்சைதான். ரீவைண்டிங் கேட்டு எடுத்துப்போவதற்கு முன் இதை ஒருமுறை செய்து பார்ப்பது செலவில்லாத வேலை.

## வேலை முடிந்ததும்

எந்த வழியைத் தேர்ந்தாலும், பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் மூன்று அளவுகளை உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லுங்கள். எஞ்சின் நடு வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். எல்லா விளக்குகளையும் போட்ட பிறகும், அதே வேகத்தில், அது 13-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சினை நிறுத்தி எல்லாவற்றையும் அணைத்த பின், பேட்டரி வயர் ஒன்றைக் கழற்றி இடையில் மீட்டரை வைத்தால் ஆம்பியர் ஓட்டம் இல்லை என்று காட்ட வேண்டும். புதுப் பெல்ட் போட்டிருந்தால் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே அது நீண்டு தளரும். அந்த வாரத்துக்குள் திரும்ப இறுக்கிவிடுங்கள்.